மரபணுத் திகில் நாவலில் மனிதனின் விருப்பம் எங்கே பறிபோகிறது?

மரபணுப் பொறியியலை மையமாக வைத்து எழுதப்படும் திகில் நாவல்களுக்கென்று பழகிப்போன ஒரு கதைப்போக்கு உண்டு. அறிவும் பணமும் மிகுந்த ஒருவன் ஆய்வகத்தில் ஒரு வைரஸைத் திருத்துகிறான். அது மூச்சுக்காற்றிலோ குடிநீரிலோ கலந்து மக்களின் உடலுக்குள் புகுந்து அவர்களது டிஎன்ஏவில் ஓரிடத்தை மாற்றுகிறது. அதன்பிறகு அவர்கள் கோபப்படுவதில்லை, மறுத்துப் பேசுவதில்லை, சொன்னதைச் செய்கிறார்கள். கதாநாயகனுக்கு மட்டும் ஏதோ ஒரு பிறவிக் குறைபாட்டால் அந்த மாற்றம் பிடிப்பதில்லை. மிச்சமுள்ள முந்நூறு பக்கங்களிலும் அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். கதையின் நடுவே உள்ள கேள்வி என்னவோ பெரியதுதான்: நான் எடுக்கும் முடிவு என்னுடையதா, அல்லது என் உடம்பு முன்கூட்டியே எடுத்துவிட்டதா? ஆனால் அந்தக் கேள்விக்கான விடையை இந்நாவல்கள் உயிரணுவுக்குள் தேடுவதால் அறிவியலும் பிசகுகிறது, திகிலும் நீர்த்துப்போகிறது. மரபணு மருத்துவம் நிஜமாகவே நடக்கும் ஊர்களில் ஒன்றான வேலூரில் நின்று பார்த்தால், விருப்பம் பறிபோகக்கூடிய இடம் உயிரணுவைத் தொடுவதற்கு வெகு முன்பே, ஒரு கையெழுத்தின் அருகே இருப்பது தெரியும்.

முதலில் அறிவியலைப் பார்த்துவிடலாம். மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளும், புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கிய சுமார் 20,000 மரபணுக்களும் உள்ளன. ஒரு குணத்துக்கு ஒரு மரபணு என்ற கணக்கில்தான் திகில் நாவல்கள் இன்னும் ஓடுகின்றன. உயரத்தையே எடுத்துக்கொள்வோம். 54 லட்சம் பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2022-இல் வெளியான ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 12,111 இடங்களை டிஎன்ஏவில் அடையாளம் கண்டது. சுவரில் கோடு கிழித்து அளந்துவிடக்கூடிய உயரத்துக்கே இத்தனை இடங்கள். அதே ஆண்டில், ஒருவர் எத்தனை ஆண்டுகள் படிக்கிறார் என்பதைப் பற்றி 30 லட்சம் பேரை வைத்து நடத்திய மற்றோர் ஆய்வில், மரபணு வேறுபாடுகள் அனைத்தையும் கூட்டிப் போட்ட மதிப்பெண்ணால் மனிதர்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காட்டைத்தான் விளக்க முடிந்தது. அந்தச் சிறு பங்கிலும் பெற்றோரின் வசதி, வளர்ந்த சூழல் ஆகியவை கலந்தே இருக்கின்றன. கீழ்ப்படிதல், துணிச்சல், விசுவாசம் போன்றவற்றுக்கு உயரத்தைப் போல அளந்துவிடும் அளவுகோலே கிடையாது என்னும்போது, அவற்றை எந்த இடத்தில் வெட்டுவது?

இதற்கு எதிர்வாதமாக எப்போதும் முன்வைக்கப்படுவது வோல் என்ற சிறு கொறிவிலங்கின் கதை. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒரு திகில் எழுத்தாளர் ஆசைப்படக்கூடிய எல்லாமே அதில் இருக்கின்றன. வட அமெரிக்காவில் வாழும் பிரெய்ரி வோல் ஒரு துணையோடு ஒட்டி வாழும் இயல்புடையது. அதன் நெருங்கிய உறவான மெடோ வோலுக்கு அப்படிப்பட்ட பற்றெல்லாம் இல்லை. 2004-இல் ஆய்வாளர்கள், பிரெய்ரி வோலில் வாசோபிரெசின் என்னும் ஹார்மோனை உணரும் ஏற்பிக்கான மரபணுவை எடுத்து, ஒரு வைரஸின் துணையோடு மெடோ வோலின் முன்மூளைக்குள் செலுத்தினார்கள். ஊர் சுற்றும் ஆண் வோல்கள் பழகிய துணையின் அருகிலேயே இருக்கத் தொடங்கின. ஒரே ஒரு மரபணு, ஒரே ஒரு ஊசி, காதல் பிறந்துவிட்டது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. எத்தனை கதைகளுக்கு இது விதையானதோ தெரியாது.

அந்தக் கதையின் அடுத்த பகுதியை யாரும் நாவலாக எழுதியதாகத் தெரியவில்லை. துணைப்பற்றுக்கு வாசோபிரெசினைவிடவும் முக்கியமானது என்று பல்லாண்டுகளாகக் கருதப்பட்ட ஆக்சிடோசின் என்ற மற்றொரு ஹார்மோனின் ஏற்பியை, டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் பிரெய்ரி வோலிலிருந்து அடியோடு நீக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. மருந்து கொடுத்து அந்த ஏற்பியைத் தடுத்த பழைய சோதனைகளில் பற்று குலைந்திருந்தது. ஆகவே இப்போதும் குலையும் என்றே எதிர்பார்த்தார்கள். குலையவில்லை. அந்த ஏற்பி இல்லாமலேயே பிறந்து வளர்ந்த வோல்கள் துணை தேடின, துணையோடு ஒட்டின, குட்டி ஈன்று பாலும் கொடுத்தன. வளரும் மூளை ஒரு வழி அடைபட்டால் வேறு வழியைக் கண்டுகொள்கிறது என்பதே அதற்கு முன்வைக்கப்பட்ட விளக்கம். மனிதனின் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு வோலின் பற்றையே இப்படிச் சுற்றிவளைத்துக் காப்பாற்றிக்கொள்ளும் அமைப்பை, ஒரே வெட்டில் அடிமைப்படுத்திவிடலாம் என்று நம்பும் வில்லன் அறிவாளியாக இருக்க வாய்ப்பில்லை.

ஆனாலும் மரபணுவுக்கும் மனவுறுதிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நான்காவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சிஏஜி என்னும் மூன்றெழுத்து 40 முறையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப வந்தால், ஹண்டிங்டன் நோய் அநேகமாக உறுதி. அந்நோய் உடலசைவை மட்டுமன்றி, கோபத்தை அடக்கும் திறனையும் திட்டமிடும் திறனையும் மெல்லக் குலைத்துவிடுகிறது. அதாவது, ஒரு மரபணுவால் மனத்தை உடைக்க முடியும். உடைப்பது வேறு, இன்னொருவரின் சொற்படி ஆட்டுவிப்பது வேறு. இந்த வேறுபாட்டை நீதிமன்றங்களே சில வேளைகளில் குழப்பிக்கொண்டிருக்கின்றன. 1993-இல் ஒரு டச்சுக் குடும்பத்தில், எம்ஏஓஏ என்னும் மரபணு முற்றிலும் செயலிழந்த ஆண்களிடம் வன்முறைப் போக்கு காணப்பட்டது. அது மிக அரிதான நிலை. அதே மரபணுவின் சாதாரண, மந்தமான வடிவம் உலகெங்கும் பலரிடம் இருக்கிறது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியான ஆய்வு, குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களிடம்தான் அந்த வடிவம் வன்முறையோடு சேர்ந்து வருவதாகக் கூறியது. இருந்தும் ‘போர்வீரன் மரபணு’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 2009-இல் இத்தாலியில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கொலைக்குற்றவாளி ஒருவரின் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தபோது இந்த மரபணுவையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது.

கட்டளைக்கு மட்டும் கட்டுப்படும் படைவீரனை ஆய்வகத்தில் உருவாக்குவது இவ்வகை நாவல்களின் மற்றொரு செல்லக் கனவு. வேலூர்க்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல ஒரு கோட்டையே இருக்கிறது. சம்பளம், கவாத்து, சீருடை, கசையடி என்று மனித விருப்பத்தை மழுங்கடிக்க அன்றைக்குத் தெரிந்த எல்லாக் கருவிகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிடம் இருந்தன. தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றிக்குறியும் காதணியும் கூடாது என்ற ஆணை வந்தபோது, அந்தப் படையே 1806 ஜூலை 10-ஆம் நாள் அதிகாலையில் கோட்டைக்குள் துப்பாக்கியைத் திருப்பியது. எழுச்சி அன்றே நசுக்கப்பட்டது. ஆனால் படைத்தளபதி கிராடக், ஆளுநர் பென்டிங்க் இருவரும் பிற்பாடு திரும்ப அழைக்கப்பட்டார்கள். கீழ்ப்படிதல் ஒரு தனிப் பண்பாக உடலில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கும் எழுத்தாளர், கோட்டைக்குள் ஒரு நடை போய்வருவது நல்லது.

விருப்பம் என்பதே ஒரு தோற்றமயக்கம் என்று வாதிடுவோர் 1983-இல் நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனையைச் சுட்டுவார்கள்: விரலை அசைக்க முடிவெடுத்ததாக மனிதர் உணர்வதற்குச் சில நூறு மில்லி விநாடிகள் முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிடுகிறது. 2012 முதல் அந்த மின்மாற்றத்தையே வேறு விதமாக விளக்கும் ஆய்வுகள் வந்துவிட்டன. விரலசைவைப் பற்றிய அந்த விவாதம், சிகிச்சைக்குச் சம்மதிப்பது, மணம் முடிப்பது, பிள்ளை பெறுவது போன்ற முடிவுகளுக்கு அதிகம் உதவாது என்பது என் கருத்து.

இனி, நிஜத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1980-களிலேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கிவிட்ட நிறுவனம். பாகாயம் வளாகத்தில் உள்ள அதன் ஸ்டெம் செல் ஆய்வு மையமும் ரத்தவியல் துறையும், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கடுமையான ஹீமோபிலியா ஏ நோயுள்ள ஐந்து ஆண்களுக்கு மரபணுச் சிகிச்சை அளித்தன. அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு எழுதிய அந்த முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தன. ஹீமோபிலியா ஏ, பிறக்கும் ஆண்களில் சுமார் 5,000 பேருக்கு ஒருவரைப் பாதிப்பது. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் இல்லாததால், முழங்காலிலும் முழங்கையிலும் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து மூட்டுகள் நாளடைவில் முடங்கிப்போகும். சிகிச்சையில், நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களைப் பிரித்தெடுத்து, ஃபேக்டர் 8-க்கான மரபணுவை லென்டிவைரஸ் ஒன்றின் வழியே அவற்றுள் ஏற்றி, மஜ்ஜையை மருந்தால் காலி செய்தபின் அந்தச் செல்களை ரத்தக்குழாய் வழியாகத் திரும்பச் செலுத்தினார்கள். ஏற்றிய மரபணு, மனித ஃபேக்டர் 8-ஐயும் பன்றியின் ஃபேக்டர் 8-ஐயும் பகுதி பகுதியாக இணைத்து வடிவமைத்தது. ஐவரையும் சேர்த்து 81 மாதங்கள் கண்காணித்ததில், ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை.

லென்டிவைரஸ் என்பது எச்.ஐ.வி. சேர்ந்த வைரஸ் பிரிவு. நோயை உண்டாக்கும் பகுதிகளை நீக்கிவிட்டுச் சுமைகூலியாக மட்டும் அதைப் பயன்படுத்துகிறார்கள். 1986-இல் சென்னையில் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளில், இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது இதே வேலூர் மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில்தான். நாவலாசிரியர் கற்பனையாக எழுதினால் மிகை என்று பதிப்பாசிரியர் அடித்துவிடக்கூடிய ஒற்றுமை இது.

இப்போது அந்த ஐவரின் நிலையில் ஒரு கதாபாத்திரத்தை வைத்துப் பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, அவருக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலேயே, அவர் பரிசோதனையிலிருந்து விலகிக்கொள்ளலாம். மாத்திரை என்றால் விலகுவது எளிது, விழுங்குவதை நிறுத்திவிடலாம். திருத்திய ஸ்டெம் செல்கள் மஜ்ஜையில் போய்க் குடியேறிவிட்ட பிறகு விலகுவது எப்படி? அவர் பரிசோதனைக்கு வருவதை நிறுத்தலாம், தொலைபேசியை எடுக்காமல் இருக்கலாம். சிகிச்சை மட்டும் அவருக்குள் தொடரும். இப்படி டிஎன்ஏவுக்குள் நிலையாகச் சேர்ந்துவிடும் மரபணுச் சிகிச்சைகளைப் பெற்றவர்களை 15 ஆண்டுகள் கண்காணிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பரிந்துரைப்பதற்குக் காரணமும் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில், நோய் எதிர்ப்புத் திறன் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குச் செய்த மரபணுச் சிகிச்சையில், ஏற்றிய மரபணு புற்றுநோய் சார்ந்த ஒரு மரபணுவின் அருகே போய் ஒட்டிக்கொண்டதால் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இன்றைய வைரஸ்கள் அந்த ஆபத்தைக் குறைக்கும்படி திருத்தி அமைக்கப்பட்டவை. ஆபத்து பூஜ்யம் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஆகவே, மனிதர் தம் விருப்பத்தைப் பயன்படுத்தக்கூடிய கணம் ஒன்றே ஒன்றுதான், அது படிவத்தின் முன்னால் அமரும் கணம். அந்தக் கணத்தில் அவர் எவ்வளவு சுதந்திரமானவர்? காந்தி ரோட்டின் லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, அறை வாடகையைக் கணக்குப் பார்த்தபடி வாரக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நிலத்தை அடகு வைத்து, காட்பாடியில் ரயில் இறங்கி வந்த ஒருவரிடம், உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டால், தேர்வு செய்யும் நிலையிலா அவர் இருக்கிறார்? அமெரிக்காவில் 2023-இல் அனுமதி பெற்ற, வேறொரு வகை வைரஸைப் பயன்படுத்தும் ஹீமோபிலியா ஏ மரபணுச் சிகிச்சையின் விலை அப்போது ஒரு நோயாளிக்கு 29 லட்சம் டாலராக இருந்தது. அந்த விலையைக் கேட்டவர் ஆய்வில் சேரச் சம்மதிப்பதைக் கட்டாயம் என்று சொல்லிவிட முடியாது. முழுச் சுதந்திரம் என்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல திகில் நாவல் பிறக்க வேண்டிய இடம் இது. வில்லனே தேவையில்லை, அல்லது, அந்தப் படிவத்தின் தலைப்பை மட்டும் மாற்றி எழுதும் ஒருவன் போதும்.

அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தார். 2018 நவம்பரில், சீனாவின் ஷென்ஜென் நகரைச் சேர்ந்த ஹே ஜியான்குய், கரு நிலையிலேயே கிரிஸ்பர் மூலம் திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எச்.ஐ.வி. உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்துக்கான சிசிஆர்5 என்ற மரபணுவை முடக்குவது நோக்கம். தந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள தம்பதியரைத் தேர்ந்தெடுத்து, செயற்கைக் கருத்தரிப்பு வசதியையும் தருவதாகச் சொல்லிச் சேர்த்திருந்தார். அவர்கள் கையெழுத்திட்ட படிவம், அந்தப் பணியை எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம் என்று குறிப்பிட்டது. உலகம் முழுவதும் கிரிஸ்பரைப் பார்த்து அதிர்ந்தது; எனக்கு அந்தத் தலைப்புதான் அதிர்ச்சி. திருத்தமும் திட்டமிட்டபடி அமையவில்லை. இயற்கையில் சிலரிடம் காணப்படும், எச்.ஐ.வி.யிலிருந்து பாதுகாப்புத் தரும் மாற்றம் அந்தக் குழந்தைகளுக்கு அப்படியே வாய்க்கவில்லை; விளைவு முன்பின் அறியாத வேறு மாற்றங்கள்தான் ஏற்பட்டன.

தமிழ்நாட்டுப் பின்னணியில் எழுதும் நாவலுக்கு இன்னொரு களமும் காத்திருக்கிறது: உறவுமுறைத் திருமணம். யார் யாரோடு மரபணுவைக் கலக்க வேண்டும் என்பதைப் பிறந்தபோதே வகுத்துவைத்த ஏற்பாடு அது. அக்காள் மகளுக்குத் தாய்மாமன், அத்தை மகனுக்கு மாமன் மகள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவில் மணந்தவர்களே. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இதைப் பற்றி வேலூர் மருத்துவக் கல்லூரியின் சுந்தர் ராவும் இன்பராஜும் 1970-களில் பெரிய அளவில் ஆய்வு செய்திருக்கிறார்கள். கருவிழப்பிலும் மகப்பேற்றிலும் உறவில் மணந்தோருக்கும் வெளியில் மணந்தோருக்கும் அவர்கள் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. நூற்றாண்டுகளாகத் தொடரும் உறவுமணம் கொடிய மரபணுக்களைச் சலித்து நீக்கியிருக்கலாம் என்ற கருத்தும் அப்போது எழுந்தது. தாயும் தந்தையும் குறையுள்ள மரபணுவைத் தலைக்கு ஒன்றாகத் தந்தால்தான் வெளிப்படும் தனித்தனி நோய்களை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. அவை உறவுமணக் குடும்பங்களில் கூடுதலாகவே வருகின்றன.

ஹீமோபிலியா அந்த வகை அல்ல, எக்ஸ் குரோமோசோமில் வருவது. ஆனாலும் உறவுமணம் அங்கே வேறொரு முடிச்சைப் போடுகிறது. தாய் அந்த மரபணுவைத் தாங்கியிருந்தால், நோயுள்ள ஓர் ஆணின் அக்காளுக்கு அதைத் தாங்கும் வாய்ப்பு பாதி. அக்காள் மகளுக்குக் கால் பங்கு. அந்தப் பெண்ணையே தாய்மாமன் மணந்து, அவளும் மரபணுவைத் தாங்கியவளாக இருந்துவிட்டால், பெண்களுக்குப் பெரும்பாலும் வராத நோய், அவர்களுக்குப் பிறக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு வரக்கூடும். இங்கேதான் மரபணுச் சிகிச்சையின் மிக முக்கியமான எல்லை வெளிப்படுகிறது. வேலூரில் திருத்தியது ரத்த ஸ்டெம் செல்களை. விந்தணுவை யாரும் தொடவில்லை. ஆகவே சிகிச்சை பெற்று, ஒரு ரத்தக்கசிவும் இல்லாமல் நடமாடும் மாப்பிள்ளையின் மகள்கள் அனைவரும் அந்தப் பழைய மரபணுவைத் தாங்கியே பிறப்பார்கள்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்யலாம். தம்பிக்குச் சிகிச்சை பலித்துவிட்டது. நோய் போய்விட்டது என்று ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். அக்காள் மகளைப் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. மருத்துவமனையின் ஆலோசகர், அந்தப் பெண்ணையும் பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்கிறார். பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. முடிவு தெரிந்தால் தன் கல்யாணம் மட்டுமல்ல, தங்கையின் கல்யாணமும் நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாவிட்டால் தனக்குப் பிறக்கப்போகும் பெண்ணின் கதி என்ன என்பதும் தெரியும். அவளுடைய டிஎன்ஏவில் எவரும் கைவைக்கவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் தாய், பாட்டி, மாமன் என்று வீட்டிலுள்ள அனைவரும் ஆளுக்கொரு முடிவை எடுத்துவிடுகிறார்கள். காற்றில் பரவும் வைரஸைவிட இந்தக் கூடம் எனக்கு அதிக அச்சம் தருகிறது.

கதையின் இறுதியில் வில்லனைப் பிடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கருவின் மரபணுவைத் திருத்திக் குழந்தை பிறக்கச் செய்தவனை வேலூர் நீதிமன்றத்தில் எந்தப் பிரிவின் கீழ் நிறுத்துவார்கள்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இத்தகைய திருத்தத்தைத் தடைசெய்கின்றன. ஆனால் நெறிமுறை தண்டனைச் சட்டம் ஆகாது. 1994-இல் இயற்றி 2003-இல் திருத்திய பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், கருவில் எந்த நோய்களுக்காகப் பரிசோதனை செய்யலாம் என்று பட்டியலிடுகிறது; மரபணுத் திருத்தம் என்ற செயலை முன்வைத்து எழுதப்பட்டதல்ல அது. சீனாவிலும் இதே சிக்கல்தான் எழுந்தது. 2019 டிசம்பரில் ஹே ஜியான்குய்க்கு மூன்றாண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்த நீதிமன்றம், அவர்மீது நிறுவிய குற்றம் சட்டவிரோதமாக மருத்துவத் தொழில் புரிந்தது என்பதே.

வேலூரின் அரசு வழக்கறிஞர் சற்றுத் திறமையானவராக இருந்தால், இந்தியாவின் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவை எடுப்பார். அச்சத்தினாலோ, உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டதாலோ அளித்த சம்மதம், அதைப் பெற்றவருக்கு அது தெரிந்திருந்தால், சம்மதமே ஆகாது என்கிறது அது. படிவத்தின் தலைப்பைக் காட்டி, பெற்றோரின் கையெழுத்தைச் செல்லாததாக்கிவிட அந்தப் பிரிவு அவருக்குப் போதும். குழந்தையின் தரப்பில் எழுந்து நிற்கும் வழக்கறிஞருக்கு அது உதவாது. செல்லாது என்று அறிவிக்கும்படி நீதிபதியிடம் நீட்ட அவர் கையில் எந்தச் சம்மதமும் இருக்காது.